கால் இல்லாத கடுதாசி

மார்சிலிங்,
4 பிப்ரவரி 2024

மாணிக்கம் அவர்களுக்கு,

நான் ஆஸ்மா. டன்லப் ஸ்திரீட்டில் அச்சகம் வைத்திருந்த நாகூர் கனியின் மகள். இருபத்தேழு வருஷத்தில் நீங்கள் என்னை மறந்திருந்தால் கொடுத்து வைத்தவர். எனக்கு அது வாய்க்கவில்லை.

உங்கள் விலாசத்தை ரஞ்சனிடம் வாங்கினேன். நம் கடையில் வேன் ஓட்டிய அதே ரஞ்சன்தான். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். "மாணிக்கம் சுவா சூ காங்லதான் இருக்காரு, பொண்ணு கூட. ஒடம்புக்கு முடியல, டயாலிசிஸ் ஓடுது" என்றார். போன் நம்பரும் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். வாப்பா இருந்திருந்தால் வருகிற ஜூனில் தொண்ணூறு முடியும். என் அண்ணன் அலீம் நானா அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து மலர் போடுகிறார். கட்டுரைகள் எல்லாம் பழைய பிளாப்பி டிஸ்க்கில் கிடக்கின்றன. கடையை மூடியபோது பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான், மொத்தம் பதினான்கு. சிம் லிம்மில் நாலு கடை ஏறி இறங்கி, யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் ஒன்று வாங்கினேன். முதல் டிஸ்க் உடனே திறந்துவிட்டது. உள்ளேதான் தமிழ் இல்லை. தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் பவுண்டு அடையாளமுமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிறது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் கடை ஃபாண்ட் வெளியில் வாங்கியது இல்லை. நீங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தது. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த அட்டவணை எனக்கு வேண்டும்.

கேட்கிறேன் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிக்காஹுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ப்ரூனேய் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது, எனக்கு வலிப்பு நோய் என்று. அந்த வருஷ நோன்பில் நான் கடையில் மயங்கி விழுந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, வாப்பாவுக்கு, முகத்தில் தண்ணீர் தெளித்த உங்களுக்கு. நான் கல்யாணமாகிப் போய்விட்டால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள், உங்கள் வேலை போய்விடும் என்று செய்தீர்களாம். நானா அப்படித்தான் சொன்னார். அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய் இது. நீங்களா என்று நம்பவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெண் கேட்டு வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதாகிறது. அட்டவணையை அனுப்புங்கள். அதோடு நமக்குள் ஒன்றும் இல்லை.

ஆஸ்மா


சுவா சூ காங்,
11 பிப்ரவரி 2024

ஆஸ்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன்.

அட்டவணை நான்கு பக்கம், இதோடு வைத்திருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. கொம்பு மட்டும் கவனம். நம் ஃபாண்டில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும். இப்போதைய கம்ப்யூட்டரில் எழுத்துக்குப் பின்னால்தான் போட வேண்டும். அதனால் கொம்பையும் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பிடித்து மாற்றுங்கள், தனித்தனியாக மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

டிஸ்க்கைப் போடுவதற்கு முன் தகரக் கதவை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடாதீர்கள், டிரைவும் சேர்ந்து கெட்டுவிடும். மூலையில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக்கைத் தள்ளி ஓட்டை தெரிகிற மாதிரி வையுங்கள், அப்போது யாராலும் அதில் எதையும் அழிக்க முடியாது. படிக்க முடியவில்லை என்றால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி சொல்லிவிடாதீர்கள், மொத்தமும் போய்விடும். திறந்த டிஸ்க்கை முதலில் நகல் எடுங்கள், பிறகு படியுங்கள். பழைய டிஸ்க் இரண்டாம் தடவை திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இன்னொன்று. அந்தக் காலத்து மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் தானாகவே ஒரு நகல் வைத்துக்கொள்ளும். பெயருக்குப் பின்னால் பிஏகே என்று இருக்கும். முதலாளி அழித்தவைகூட அதில் கிடைக்கலாம். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

கடுதாசியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் எழுதவில்லை. அன்றைக்கே சொன்னேன். இனிமேல் சொல்வதாக இல்லை.

மாணிக்கம்


மார்சிலிங்,
25 பிப்ரவரி 2024

மாணிக்கம் அவர்களுக்கு,

பதினான்கில் மூன்று செத்துவிட்டன. ஒன்றில் பூஞ்சை. மற்ற இரண்டும் கர்ரக் கர்ரக் என்று அறுத்துவிட்டு, நீங்கள் சொன்ன அதே கேள்வியைக் கேட்டன. மீதிப் பதினொன்றையும் நகல் எடுத்துவிட்டேன். அட்டவணையை வைத்து எழுத்து எழுத்தாக மாற்றினேன். நான் வேலை பார்க்கிற கிளினிக் கவுண்டரில் ஒரு வாரம் லீவு போட்டேன் என்றால் பாருங்கள்.

நீங்கள் தட்டிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பிழை இல்லாமல் வருகின்றன. வாப்பாவின் கட்டுரைகள்தான் சொதப்புகின்றன. கால் வர வேண்டிய இடத்திலெல்லாம் ர வந்து நிற்கிறது. 'வாப்பா' என்பது 'வரப்பர' என்று வருகிறது. 'நாவடக்கம்' என்று ஒரு கட்டுரை, அது 'நரவடக்கம்' ஆகிவிட்டது. உங்கள் அட்டவணையில் எங்கோ கோளாறு. வேண்டுமென்றே செய்தீர்களா என்றுகூட நினைத்தேன். செய்யக்கூடியவர்தானே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிஏகே கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொன்னது நீங்கள். உங்கள் வாயாலேயே மாட்டிக்கொண்டீர்கள். ஒன்பதாவது டிஸ்க்கில் பெயர் இல்லாமல் வெறும் 'எக்ஸ்' என்று ஒரு கோப்பு. தேதி 12 மே 1997. முதல் வரிகளை அப்படியே தருகிறேன், உங்கள் அட்டவணைக் கோளாறு இதிலும் இருக்கிறது:

'அஸ்ஸலரமு அலைக்கும். நரன் உங்கள் குடும்பத்தின் நன்மைக்கரகச் செரல்கிறேன். மணப்பெண்ணுக்கு வலிப்பு நேரய் இருக்கிறது. பேரன நேரன்பு மரதத்தில் வேலை செய்யும் இடத்தில் வரயில் நுரை வந்து விழுந்தரள்.'

மாப்பிள்ளை வீட்டுக்காரர் காகிதத்தை வாப்பாவின் மேசையில் வீசிவிட்டுப் போன அன்றைக்குப் பார்த்த அதே வரிகள். கடையில், நம் கம்ப்யூட்டரில், நீங்கள் வரைந்த எழுத்தில் தட்டியிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது இத்தனை வருஷம் போதும். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

திருத்திய அட்டவணையையும் அனுப்புங்கள். மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

ஆஸ்மா


சுவா சூ காங்,
1 மார்ச் 2024

ஆஸ்மா அவர்களுக்கு,

அட்டவணையில் தவறு இல்லை.

உங்கள் கடிதத்தை டயாலிசிஸ் நாற்காலியில் வைத்துப் படித்தேன். பிரஷர் ஏறிவிட்டது என்று நர்ஸ் அதை என் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டாள்.

கட்டுரைகளில் ர தப்பாக வரும் இடத்திலெல்லாம் காலைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மலரைப் போடுங்கள். அந்த எக்ஸ் கோப்பை விட்டுவிடுங்கள். ஒன்பதாவது டிஸ்க்கை உடைத்துக் குப்பையில் போட்டாலும் நல்லதுதான். நான் எழுதியதாகவே இருக்கட்டும், இவ்வளவு நாள் இருந்துவிட்டது.

பிஏகே கோப்புகளைப் பற்றி நான் உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது.

மாணிக்கம்


மார்சிலிங்,
4 மார்ச் 2024

மாணிக்கம் அவர்களுக்கு,

'நான் எழுதியதாகவே இருக்கட்டும்' என்றால் என்ன அர்த்தம்? எழுதினவன் பேசுகிற பேச்சா இது? பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவதாக இருந்தால் பேசாமலே இருந்திருக்கலாம்.

நேற்று நானாவிடம் போனில் சொன்னேன், உங்களுக்குக் கடிதம் எழுதினேன் என்று. கட்டுரை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. "அவன் என்ன சொன்னான்?" என்றார். அட்டவணை கொடுத்தார் என்றேன். "அது சரி, வேற என்ன சொன்னான்?" என்றார். மூன்று தடவை கேட்டார். நானா இப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வலது கைக்கு என்ன ஆனது? மெஷினில் மாட்டிக்கொண்டு விரல் போய்விட்டது, வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று அப்போது நானா சொன்னார். செய்த பாவத்துக்குக் கூலி என்று நானும் நினைத்தேன். அந்த வாரம் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. நான்தான் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனேன். இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆஸ்மா


சுவா சூ காங்,
9 மார்ச் 2024

ஆஸ்மா அவர்களுக்கு,

கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். படித்த பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் முதலாளி ஒரு தமிழ் டைப்ரைட்டர் வைத்திருந்தார், சுங்கை ரோடு சந்தையில் பழையதாக வாங்கியது. அதில் கால் விசை உடைந்திருந்தது. ர-வும் காலும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ர-வுக்குக் கீழே ஒரு சின்ன வால் அதிகம். அதனால் காலுக்குப் பதிலாக ர-வையே தட்டிப் பழகினார். பதினைந்து வருஷம் அப்படியே ஓட்டினார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் விரல் ர-வுக்குத்தான் போனது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அம்பது வயசு தாண்டின வெரலுக்குப் பாடம் நடத்தாத மாணிக்கம்" என்பார்.

என்ன செய்வது? ஃபாண்டில் ர-வின் வாலை வெட்டிவிட்டு, இரண்டுக்கும் ஒரே உருவம் வரைந்தேன். அவர் எதைத் தட்டினாலும் காகிதத்தில் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று, ஒரு மரியாதைக்காகச் செய்தேன். அவரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. புரூஃப் பார்த்த உங்களுக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது காகிதத்தை. கோப்புக்குள் மட்டும் அவர் தட்டிய ர அப்படியே கிடக்கும்.

நம் கடையில் காலுக்கு ர தட்டியது ஒரே ஆள்தான். 'நரன்' என்று எழுதியவர் உங்கள் வாப்பா.

இது எனக்கு இப்போது தெரிந்ததில்லை. மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உங்களுக்கே குழி தோண்டிக்கொள்ள மாட்டீர்கள். நான் எழுதவில்லை. மிச்சம் யார்? அன்றைக்கு அலீம் இரண்டு பேரோடு வந்து என்னைப் பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது அதைத்தான் சொன்னேன். "உங்க வாப்பாகிட்டயே போய்க் கேளுங்க" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் என் கையைப் பின்கதவு இடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். மூன்று விரல். வாப்பா பேரை இன்னொரு தடவை எடுத்தால் மிச்ச விரலும் போகும் என்றார் அலீம். ஆஸ்பத்திரியில் நானே மெஷின் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி கமலா அப்போது மாசமாக இருந்தாள்.

லிட்டில் இந்தியாவில் எந்த அச்சகமும் அதற்குப் பிறகு என்னைச் சேர்க்கவில்லை. வலது கையில் விரல் இல்லாத தட்டச்சுக்காரன் ஒரு பக்கம், மொட்டைக் கடுதாசி எழுதினவன் இன்னொரு பக்கம். தஞ்சோங் பகாரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் இருபது வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தேன். அதெல்லாம் போகட்டும். என் மனைவியே என்னை நம்பவில்லை. சண்டை போட்டதில்லை, குத்திக் காட்டியதில்லை. "நீங்க எழுதலன்னா சரி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்படியே ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

உங்களை பிஏகே கோப்புகளைப் பார்க்க வைத்தது வேண்டுமென்றே செய்தது. கண்டுபிடிக்கட்டும், அழட்டும் என்று நினைத்தேன். நீங்கள் அட்டவணைக் கோளாறு என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

மாணிக்கம்


மார்சிலிங்,
13 மார்ச் 2024

இறந்துபோனவர் மேல் பழி போட உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? பெற்ற மகளுக்கு வலிப்பு என்று எந்தத் தகப்பன் எழுதுவான்? அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்தவள் நான். எனக்குத் தெரியாத வாப்பாவா உங்களுக்குத் தெரியும்?

ஒன்பதாவது டிஸ்க் கெட்டுப்போய்விட்டது. இனி திறக்காது. உங்களிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

நோன்பு தொடங்கிவிட்டது. இந்த மாதத்தில் உங்கள் எழுத்து என் வீட்டுக்குள் வர வேண்டாம்.

ஆஸ்மா


சுவா சூ காங்,
20 மார்ச் 2024

ஆஸ்மா அவர்களுக்கு,

வர வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும்.

பதினொரு டிஸ்க்கையும் நகல் எடுத்துவிட்டேன் என்று பிப்ரவரியில் நீங்களே எழுதியிருந்தீர்கள். டிஸ்க் கெட்டாலும் கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அப்போதும் வராது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். நான் தட்டிய கோப்பு ஒன்று, அவர் கட்டுரை ஒன்று, அந்தக் கடுதாசி ஒன்று, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரூஃப் பாருங்கள். உங்களை மாதிரி புரூஃப் பார்க்க டன்லப் ஸ்திரீட்டில் ஆள் கிடையாது.

எனக்கு மலரில் திருத்தம் வேண்டாம். அலீம் வந்து கையைப் பிடித்து அழவும் வேண்டாம். போலீஸ் வேண்டவே வேண்டாம். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும், மாணிக்கம் எழுதவில்லை என்று. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இதயமும் சரியில்லை என்கிறார்கள். எழுதினவன் என்கிற பேரோடு என்னைக் கொண்டுபோய் எரிக்க வேண்டாம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாணிக்கம்


மார்சிலிங்,
14 ஏப்ரல் 2024

மாணிக்கம் அண்ணே,

மூன்றையும் வைத்துப் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பார்த்தேன். கடுதாசியில் காலே இல்லை, ஒரு கால்கூட இல்லை. எல்லாம் ர. ஆனாலும் மனசு அடம் பிடித்தது. வேறு யாராவது அவர் மாதிரித் தட்டியிருக்கலாம், டிஸ்க் கெட்டு எழுத்து மாறியிருக்கலாம் என்று இருபது நாள் என்னென்னவோ சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன்.

பெருநாளன்று நானா வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகள் போன பிறகு தாளை அவர் கையில் கொடுத்தேன். பிழையோடு அப்படியே அச்செடுத்த தாள். உங்களைப் பற்றியோ ர-வைப் பற்றியோ நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரி படித்தார்.

"இது எங்கேருந்து கெடச்சிச்சு?" என்றார்.

"வாப்பா டிஸ்க்ல இருந்துச்சு நானா."

"அழிச்சிட்டேன்னு சொன்னாரே."

சொல்லிய பிறகுதான் அவருக்கே புரிந்தது, என்ன சொன்னோம் என்று. நானாவின் மனைவி ரஷீதா மச்சி பலகாரத் தட்டோடு வந்தவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அவளுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று நானாவைக் கேட்டார்.

நானா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போனபோது வாப்பா அவரிடம் அழுதுகொண்டே சொன்னாராம். "நீ ப்ரூனேய் போயிட்டா கடைய யாரு பாக்கறது, அவர யாரு பாக்கறது? நானும் தம்பிமாரும் கடைப்பக்கம் வர மாட்டோம்னு அவருக்குத் தெரியும். ஒரு கல்யாணம் நின்னா இன்னொண்ணு பாத்துக்கலாம்னு நெனச்சாரு. அப்புறம் யாரும் கேட்டு வர மாட்டாங்கன்னு அவரு நெனக்கல" என்றார் நானா.

"மாணிக்கம் அண்ணன் கைய நீங்கதான் ஒடச்சீங்களா?"

"அப்ப எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

"தெரிஞ்ச பெறகு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே நானா."

"ஒன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பழச விட்டுரு லா ஆஸ்மா, அவரு மவுத்தாகிப் பதினஞ்சு வருசமாச்சு" என்றார்.

என்கிட்ட மட்டும். தம்பிமாருக்குத் தெரியும், மச்சிமாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் குடும்பமே சேர்ந்து உங்களைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டது. நானும் நோன்புக்கு நோன்பு உங்களுக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜிலிருந்து வந்து நாலு மாதத்தில் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. பதினோரு வருஷம் இந்தக் கையால்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலம் அள்ளினேன். தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். மகளுக்கு வாழ்க்கை அமையவில்லையே என்று அழுகிறார் என நினைத்து, "எனக்கு ஒரு கொறயும் இல்ல வாப்பா, நீங்க அழாதீங்க" என்று சொல்லுவேன். அதை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நேரம் அவர் மேல் வெறி வருகிறது, மறு நேரம் அந்தக் கை ஞாபகம் வருகிறது. எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மலர் வெளிவரத்தான் போகிறது. கட்டுரைகளைத் திருத்தி முன்னாலேயே நானாவுக்கு அனுப்பிவிட்டேன், இனி என்னால் நிறுத்த முடியாது. 'நாவடக்கம்'தான் முதல் கட்டுரை. அந்தக் கோப்பின் தேதி ஜூலை 1997. விழாவுக்கு நான் போகப்போவதில்லை.

நீங்கள் கேட்டதைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வரி கேட்டீர்கள், இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: 1997 மே மாதம் என் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கடுதாசியை மாணிக்கம் எழுதவில்லை. எழுதியவர் என் தகப்பனார் நாகூர் கனி. கீழே என் முழுப் பெயர், ஐசி அடையாள அட்டை நம்பர், கையெழுத்து எல்லாம் போட்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

உங்களுக்கு எழுதித் தர நான் இருந்தேன். நான் யாரிடம் எழுதி வாங்குவது அண்ணே?

ஆஸ்மா


சுவா சூ காங்,
28 ஏப்ரல் 2024

ஆஸ்மா,

தாள் கிடைத்தது. நடுவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அதனால் தாமதம்.

மகள் கவிப்ரியாவிடம் காட்டினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்துவிட்டு, "யாருப்பா இந்த ஆஸ்மா?" என்றாள். சொன்னேன். "சாரிப்பா, பாவம்பா நீங்க" என்றாள். அப்புறம் பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள். அவளைத் தப்புச் சொல்லவில்லை, அவள் பிறப்பதற்கு முந்திய கதை. ரஞ்சனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கா லா" என்றான். என்னைச் சேர்க்காத அச்சகக்காரர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவருக்கு யாரையும் அடையாளம் தெரிவதில்லையாம். காட்ட வேண்டியவள் கமலாதான். அவளைக் கடலில் கரைத்தாயிற்று. தாளை அலமாரியில் அவள் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வாப்பாவை இந்த ஊரில்தான் அடக்கம் செய்திருக்கிறீர்கள். டயாலிசிஸுக்குப் போகிற வழியில் மையவாடிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்ப்பேன். ஒரு நாள் ஏறிப் போய் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். இப்போது அந்த நினைப்பும் இல்லை. அலீமைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

யாரிடம் எழுதி வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்குக் கடையில் இருந்த மூன்று பேரில் நீங்கள் போக மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதனால் நான் எழுதுகிறேன். இதை நீங்கள் யாரிடம் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

1997 ஜனவரியில், நோன்பு மாதத்தில், டன்லப் ஸ்திரீட் அச்சகத்தில் ஆஸ்மா மயங்கி விழுந்தார். விடிகாலை சஹருக்குச் சாப்பிடாமல் வந்திருந்தார், அன்றைக்கு வெயில் அதிகம். இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, காகிதக் கட்டு நனைந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்கு வலிப்பு இல்லை. வாயில் நுரை எதுவும் வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

மாணிக்கம்